பட்டா இல்லாத மரபணு

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று யாராவது கேட்டால், என் நாத்தனார் இன்றைக்கும் "கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சா" என்றுதான் சொல்வார். நான் திருத்துவதில்லை. மரபணு விளக்கக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றி, புள்ளியியல் மென்பொருள் விழுங்குகிற பதத்தில் கொடுத்தேன் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "அதுக்கா எம்.எஸ்சி. படிச்ச?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அவ்வப்போது தோன்றியதுதான்.

போன மாதம் சரவணன் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இருக்கைக்கு வந்தவர். நிலையத்தில் சிறப்பு மலர் ஒன்று வெளியிடுகிறார்களாம்.

"மேடம், நீங்க வாரக் கணக்குல பண்ணினத நாங்க இப்ப டீ ஆறதுக்குள்ள முடிச்சிடுறோம். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லாருக்கும்."

"பேர் கிடைக்காத வரிசையெல்லாம் என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"அது தானாப் போயிடும் மேடம். மென்பொருளே எடுத்துடும்."

தானாகப் போவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதையே எழுதுகிறேன். சிரிப்புக்கு உத்தரவாதம் இல்லை.

படித்தது தஞ்சாவூரில், புள்ளியியல். நிலையத்தில் சேர்ந்தபோது பாத்தி வாரியாக விளைச்சலைக் கூட்டிப் பெருக்கி, எந்த ரகம் உசத்தி என்று சொல்கிற வேலை. பிறகு மூலக்கூறு உயிரியல் பிரிவு தொடங்கினார்கள். கணினியைத் தொட்டவள் என்ற ஒரே தகுதியில் என்னை ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே நடுங்க வைக்கிற குளிர்சாதன அறையும் இனிப்பான சாம்பாரும் நினைவிருக்கின்றன. மற்றதையெல்லாம் திரும்பி வந்து நானே கற்றுக்கொண்டேன்.

இந்த வேலையை நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நில ஆவணங்களோடு மல்லுக்கட்டாத குடும்பம் இங்கே கிடையாது. நெல்லின் மரபுத்தொகுதி நான்கே எழுத்துகளால் எழுதிய மிக நீண்ட ஒரு வரி. அதை நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கக் கோப்பு அதன் அடங்கல். எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை ஒரு மரபணு, அதை எந்தத் திசையில் படிக்க வேண்டும், அது என்ன வேலை செய்கிறது என்று அதில் இருக்கும். மொத்தம் ஒன்பது பத்திகள். முதல் எட்டும் ஒழுங்கானவை. ஒன்பதாவது தாலுகா அலுவலக அலமாரி மாதிரி. பெயர், பழைய பெயர், தாய் மரபணு, ஒருவரின் ஊகம், ஊகித்தவர் யார் என்பதெல்லாம் அரைப்புள்ளி போட்டு அதற்குள் திணிக்கப்பட்டிருக்கும். புள்ளியியல் மென்பொருளுக்கு அலமாரியைக் குடைகிற பழக்கம் இல்லை. அதற்கு அட்டவணை வேண்டும். ஒரு மரபணுவுக்கு ஒரு வரிசை, ஒரு வரிசைக்கு ஒரு பெயர், ஒரே பெயர் இரண்டு முறை வரக் கூடாது.

இதில் வழுக்கி விழ நிறைய இடம் உண்டு. ஒரு வடிவம் முதல் எழுத்தை ஒன்று என்று எண்ணும். இன்னொரு வடிவம் பூஜ்யம் என்று எண்ணும். மாற்றும்போது ஒன்றைக் கழிக்க மறந்தால் வரப்பு மொத்தமும் ஓர் எழுத்து தள்ளிப் போய்விடும். மென்பொருள் புகார் சொல்லாது, அட்டவணை அழகாக வரும், உள்ளே இருப்பது மட்டும் பிதற்றல். அதனால் ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் சில மரபணுக்களை எடுத்து, புரதமாக மாறும் பகுதி ஏ, டி, ஜி என்ற மூன்று எழுத்துகளில் தொடங்குகிறதா என்று கண்ணால் பார்ப்பேன். தலைகீழாகப் படிக்க வேண்டியவற்றைத் தலைகீழாகவே படித்துப் பார்ப்பேன். பார்க்காமல் ஒரு கோப்பையும் நான் கொடுத்ததில்லை.

அடுத்த வழுக்கல், எண்கள். ஒரே நெல்லை இரண்டு நாட்டுக் குழுக்கள் அளந்து, ஆளுக்கொரு எண் வரிசை போட்டுவிட்டார்கள். பழைய சர்வே எண், புதிய சர்வே எண் கதைதான். ஒரு பழைய எண் மூன்றாக உட்பிரிவு ஆகியிருக்கும், சில எண்களுக்கு மறுபக்கத்தில் ஆளே இருக்காது. அந்த அளவை நடந்தது ஒரே ஒரு நெல்லில், அதுவும் ஜப்பானின் குளிரில் வளர்கிற நெல்லில். உலகத்து நெல்லுக்கெல்லாம் அதுவே மாதிரி. நம் வயலில் விளைவதை அதன் மேல் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் மாசிலாமணி. கெட்டவர் என்று எழுதினால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அவர் அப்படி இல்லை. கடைநிலை ஊழியர் உள்ளே வந்தாலும் "உக்காருங்க" என்பார். யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. கணினியின் முன்னால் உட்கார மாட்டார். எதுவானாலும் அச்சிட்டு எடுத்துப் போக வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்கேலை வரிசைக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். காலிக் கட்டம் கண்ணில் பட்டால் ஸ்கேல் நின்றுவிடும். பேச மாட்டார். காகிதத்தை நம் பக்கமாகத் திருப்பி வைப்பார். நாம் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

காரணம் இருந்தது. இளம் வயதில் ஓர் ஆய்வுக் குழுவின் முன்னால் அவர் வைத்த அட்டவணையில் பெயரில்லாத வரிசைகள் சில இருந்தனவாம். வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "இது யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்க, அறை முழுவதும் சிரித்திருக்கிறது. அதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதனால் அவர் ஒரு நடைமுறைக் குறிப்பு வகுத்தார். ஒரு மரபணுவுக்குப் பல பிரதிகள் இருந்தால் நீளமானதை வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரி நெல்லில் இணை கிடைக்காத வரிசைகளை, கணக்கு தொடங்கும் முன்பே நீக்க வேண்டும். அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்தவள் நான். நாத்தனார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

பூங்கொடி அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். நாகப்பட்டினத்துக்கு வடக்கே, கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஊர். அப்பா சாமிக்கண்ணு கூலி வேலை செய்து, பிறகு கடைமடையில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்தவர். சுனாமியில் கடல் நீர் வாய்க்கால் வழியாக வயலுக்குள் ஏறியது. ஜிப்சம் போடுங்கள், மழை கழுவட்டும், அதுவரை பயிர் வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சாக்கில் கிடந்த ஒரு பழைய நெல்லை, போனால் போகட்டும் என்று தெளித்திருக்கிறார். அது முளைத்து, கதிரும் விட்டது. மணியின் மூக்கு சிவந்து, உயரமாக வளர்ந்து, காற்றுக்குச் சாய்கிற நெல். விளைச்சல் சுமார்தான். ஊரில் அதை உப்பு நெல் என்றார்கள். வேறு பெயர் இல்லை.

அந்த நெல்லைத்தான் பூங்கொடி ஆய்வுக்கு எடுத்தாள். விதையைத் துணிப்பையில் போட்டு அவளே பஸ்ஸில் கொண்டு வந்தாள். அதில் தனித்தன்மை உண்டு என்று அறிக்கை சொன்னால் அடுத்த பருவத்தில் பாத்தி கிடைக்கும், விதை பெருகும், ஒரு நாள் கடலோரத்து வயல்களுக்குப் போகும். இல்லையென்றால் இல்லை. நிலையத்தில் வழக்கம் அதுதான். திட்டத்தில் இருக்கிற நெல்லுக்குத்தான் வயல். வயலுக்குப் போகாத விதை குளிர் அறையில் இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை விதைத்துப் புதுப்பிக்காவிட்டால், பொட்டலம் இருக்கும், உயிர் இருக்காது.

தொட்டிகளில் உப்பு நீர் வைத்து வளர்த்தாள். பக்கத்துத் தொட்டிகளில் சாதாரண ரகம். இரண்டிலிருந்தும் இலையெடுத்து, எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணித் தர வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். திட்டத்தில் ஒரு தடவைக்குத்தான் இடம் இருந்தது. எண்ணிக்கை வந்தது. நான் பெயர்களோடு சேர்த்தேன். மாதிரி நெல்லில் பொருந்தாத துண்டுகளையும் அந்த ஆய்வகத்தார் தனியாகக் கோத்து, தற்காலிக எண் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்று, உப்பு நீர் பட்டதும் மற்ற எல்லாவற்றையும் விட மேலே போய் நின்றது. சாதாரண ரகத்தில் அது அறவே இல்லை.

இருவருமாக அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனோம்.

"வசந்தாம்மா, சுத்தமா இருக்கா?" என்றார்.

"பேர் கிடைச்சதெல்லாம் சுத்தம் சார். கிடைக்காதத தனியா வச்சிருக்கேன். விஷயம் அதுலதான் இருக்கு."

ஸ்கேல் நகர்ந்து வந்து நின்றது. "இதுக்குப் பேர் என்னம்மா?" என்று பூங்கொடியைக் கேட்டார்.

"பேர் இல்ல சார். தற்காலிக எண்தான்."

"மாதிரி நெல்லுல எந்த இடத்துல இருக்கு?"

"அதுல இல்ல சார்."

"இல்லாத ஒண்ண இருக்குன்னு நான் எப்படிங்க எழுதுறது?"

"எங்க நெல்லுல இருக்கு சார்."

"இலையில ஒட்டிக்கிட்டிருந்த பூஞ்சையோடதா இருந்தா?"

நல்ல கேள்விதான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பூங்கொடியும் ஒத்துக்கொண்டாள். "இன்னொரு தடவ செஞ்சு பாத்தா தெரிஞ்சிடும் சார்."

"அதுக்கு அடுத்த திட்டத்துலதான் கேக்கணும்."

"அடுத்த திட்டத்துல கேக்கணும்னா, இந்த அறிக்கையில ஏதாவது இருக்கணுமே சார்."

அவர் ஸ்கேலைத் தாளிலிருந்து எடுத்து வைத்தார். பிறகு பொறுமையாக, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "இதெல்லாம் புறம்போக்கும்மா. புறம்போக்குல எவ்வளவு நல்லா விளைஞ்சாலும் யாரும் பட்டா குடுத்துட மாட்டாங்க. பட்டா இல்லாதத நான் கமிட்டி முன்னாடி கொண்டுபோய் வைக்க முடியாது."

"எங்க வீடே புறம்போக்குலதான் சார் இருக்கு," என்றாள் பூங்கொடி. "அதுலேருந்துதான் படிச்சு வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க." உண்மையாகவே வருந்தினார். எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை வேறு பேச்சு பேசவில்லை. குடித்து முடித்ததும் தாளை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

நான் முறைப்படி ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். பெயரில்லாத வரிசைகளுக்குத் தற்காலிக எண்ணையே பெயராக வைக்கலாம். பெயர்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் மென்பொருளுக்குப் போதும். அது ஜப்பானியப் பெயரா நாகப்பட்டினத்துப் பெயரா என்று அது விசாரிக்காது. அரசு மொழியில் இதைவிட மரியாதையாக எழுதினேன். "நடைமுறைப்படி செய்க" என்று திரும்பி வந்தது, கீழே சுருக்கொப்பம்.

நடைமுறைப்படி செய்தேன். இணை இல்லாதவற்றை நீக்கினேன். எழுத்து தள்ளிப் போகவில்லை என்று பார்த்தேன். பிரதிகளில் நீளமானதை வைத்தேன். கணக்கை ஓட்டினேன். மிச்சமிருந்த மரபணுக்கள் எல்லாம், உப்பு நீரில் எந்த நெல்லும் என்ன செய்யுமோ அதையே செய்திருந்தன. "தனித்தன்மை ஏதும் காணப்படவில்லை" என்று அறிக்கை போனது. ஒரு நெல் எந்த விதத்தில் வேறு என்று கேட்டோம். வேறாக இருந்ததையெல்லாம் முதலில் எடுத்துப் போட்டோம். பிறகு பார்த்தோம். வேறாக ஒன்றும் இல்லை. கணக்கில் பிழை கிடையாது. இன்றைக்கும் எந்தப் புள்ளியியல்காரரிடம் வேண்டுமானாலும் காட்டுவேன்.

கமிட்டி கூடியது. அட்டவணையில் ஓட்டையே இல்லை என்று பாராட்டினார்கள். உப்பு நெல்லுக்குப் பாத்தி இல்லை.

பூங்கொடி அதோடு விடவில்லை. தேசிய விதை வங்கிக்கு அனுப்பிவைக்கலாமே என்றாள். விண்ணப்பத்தில் இந்த விதையின் சிறப்பு என்ன, ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தது. ஆதாரமாக இணைக்க எங்களிடம் ஒரே ஓர் அறிக்கைதான் இருந்தது. நாங்கள் எழுதியது. அதை இணைத்து அனுப்பினால் என்ன பதில் வரும் என்று தெரிந்தும் அனுப்பினாள். அந்தப் பதில்தான் வந்தது.

"ஊர்ல அப்பா போடுறார்ல?" என்று அவளைக் கேட்டேன்.

"போடுறாரு மேடம். அது இருக்கு," என்றாள். அந்த ஒரு பதிலில்தான் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்தினோம்.

அவள் பட்டம் வாங்கி, திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாசிலாமணி ஓய்வு பெற்று மகளோடு சென்னைக்குப் போனார். பின்னால் நானும் ஓய்வு பெற்றேன். மூலத் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியாக வேண்டும் என்ற விதி இருந்ததால் முன்பே ஏற்றியிருந்தேன். நீக்கியவை, நீக்காதவை எல்லாமும். அதைத் தடுக்க நடைமுறை எதுவும் வகுக்கப்படவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் பூங்கொடி அழைத்தாள். "மேடம், அதுக்குப் பேர் குடுத்துட்டாங்க."

பல நாட்டு நெல்களையும் சேர்த்துப் படித்து ஒரு பெரிய மாதிரி வெளியிட்டிருந்தார்கள். வங்கக் கடலோரத்து வேறொரு நெல்லில் அந்தத் துண்டும் இருந்தது. பூஞ்சை இல்லை, நெல்லின் மரபணுவேதான். ஆனால் அந்த நெல்லில் அது பாதியில் முறிந்து, வேலை செய்யாமல் கிடந்தது. எங்கள் நெல்லில் முழுசாக இருந்தது. தரவைக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, என் வீட்டு மடிக்கணினியில் மறுபடியும் மாற்றினேன். ஒன்றைக் கழித்தேன். முதல் மூன்று எழுத்தைப் பார்த்தேன். ஏ, டி, ஜி. கணக்கை ஓட்டியதும் முதல் வரிசையில் வந்து நின்றது, பெயரோடு.

முழுசாக இருக்கிற மரபணுவைப் பயிரில் வைத்து நிரூபிக்க விதை வேண்டும். பூங்கொடி நிலையத்துக்குப் போனாள். குளிர் அறையில் பொட்டலத்தைத் தேடிக் கொடுத்தார்கள். அவள் கையெழுத்துச் சீட்டு கூட அப்படியே இருந்ததாம். ஈரத் துணியில் போட்டு வைத்தாள். இன்னொரு முறையும் போட்டாள். ஒன்றும் முளைக்கவில்லை.

"அப்பாகிட்ட இருக்கும் மேடம். நீங்களும் வாங்க," என்றாள். போனில் கேட்டிருக்கலாம். அவளுக்குக் கேட்கப் பயம் என்று நினைக்கிறேன். எனக்கும்தான். பஸ்ஸில் போனோம்.

ஊருக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிட்டது. வயல் இருந்த இடத்தில் இறால் குட்டை. காற்றூட்டும் சக்கரங்கள் தண்ணீரைச் சிதறடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. நிலத்துக்காரர் குத்தகையை முடித்து, குட்டைக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். சாமிக்கண்ணு இப்போது அந்தக் குட்டைக்கே காவல்.

"வாங்கம்மா, இந்த வெயில்ல வந்திருக்கீங்க," என்று என்னை நிழலில் உட்கார வைத்தார். மகளைப் பார்த்து, "ஒரு போன் போடக் கூடாதா? மேடத்த இப்படி அலைய வச்சிட்டியே," என்றார்.

"அப்பா, உப்பு நெல்லு இருக்கா?"

"எந்த நெல்லு?"

"சுனாமிக்கு அப்புறம் போட்டியே. நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேனே."

"அதுவா? குத்தகைய விடும்போது ரெண்டு சாக்கு இருந்துச்சு." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வெதக்கிறதுக்கு எடம் ஏது? ஆபீசுலதான் பத்தரமா வச்சிருக்காங்களேன்னு அவிச்சு ஆக்கித் தின்னுட்டோம். ருசியாத்தாம்மா இருந்துச்சு."

பூங்கொடி குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கம்பக்கத்துல யார்கிட்டயாவது இருக்குமாங்க?" என்று நான் கேட்டேன்.

"யாரும்மா வச்சிருக்கா? எல்லாருக்கும் நான்தானே குடுத்துக்கிட்டிருந்தேன்." பிறகுதான் எங்கள் முகத்தைக் கவனித்தார். "ஏன், ஆபீசுல இல்லையா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் குட்டைக்கரையிலிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பூங்கொடி கைபேசியில் எழுதிக்கொண்டே வந்தாள். இந்த ஆய்வில் சேர்ந்துகொள்ள வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்டிருந்தார். விதை எங்கும் இல்லை என்று அவருக்குத் தெரிவித்தாள். மயிலாடுதுறை வருவதற்குள் பதில் வந்துவிட்டது. என்னிடம் நீட்டினாள். வருத்தம்தான், ஆனால் பரவாயில்லை, தரவு இருக்கிறதல்லவா என்று எழுதியிருந்தார்.

தரவு இருக்கிறது. அதில் ஓர் எழுத்து கூடத் தள்ளிப் போகவில்லை. நானே பார்த்தேன்.